மானம்பூ வாள், கட்டானா, திருக்கைத் தோல்

விஜயதசமி அன்று யாழ்ப்பாணத்துக் கோவில்களில் மானம்பூத் திருவிழா நடக்கும். சுவாமி குதிரை வாகனத்தில் வெளிவீதிக்கு எழுந்தருளுவார். வீதியில் நட்டு வைத்திருக்கும் வாழைதான் அசுரன். கிரியை முடிந்ததும் குருக்கள் வாளை ஓங்கி வாழையை வெட்டுவார். ஒரே வீச்சில் தண்டு துண்டாகிச் சாய்ந்தால் சனத்துக்குத் திருப்தி. சில வருடங்களில் வாள் பாதித் தண்டில் இறங்கி அங்கேயே நின்றுவிடும். பிடுங்கி மறுபடி வெட்டவேண்டி வரும். வாள் மொட்டை என்று பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

பெரும்பாலும் குற்றம் வாளில் இல்லை. வாழைத் தண்டு முழுக்க நீர் கோத்த மடல்கள். வாள் வீசும் திசையும் அலகின் தளமும் ஒரே கோட்டில் நின்றால் தண்டு எதிர்ப்பே காட்டாது. கோடு சற்றுப் பிசகினாலும் அலகு உள்ளே திரும்பி மடல்களுக்கிடையில் சிக்கிக்கொள்ளும். யப்பானிய வாள் பயிற்சியில் இந்த நேர்கோட்டுக்கு ஹசுஜி என்று பேர். மாணவனுடைய கையில் அது படிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வெட்டுச் சோதனை உண்டு: தமேஷிகிரி. கோரைப்பாய் போன்ற ஒரு பாயை இறுகச் சுருட்டி, நீரில் ஊறப்போட்டு, ஆணியில் செங்குத்தாக நிறுத்தி வெட்டுவார்கள். நீர் ஊறிய நார்க் கட்டு என்ற அளவில் அந்தப் பாய்ச் சுருளும் எங்கள் வாழையும் ஒன்றுதான். வெட்டுப்பட்ட முகம் மழமழவென்று இருந்தால் வீச்சு சரி. பிசிறோ வளைவோ தெரிந்தால் பிழை.

மானம்பூவை விட்டால், குடாநாட்டில் இன்று வாளைக் காணக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலை வாளோடு நிற்கிறது. நல்லூரில் மூலவரே ஓர் ஆயுதம்தான் என்றாலும் அது வேல். மிச்சமெல்லாம் பத்திரிகையின் வாள்வெட்டுச் செய்திகள். பத்துப் பதினைந்து வருடங்களாக 'வாள்' என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு நினைவு வருவது மோட்டார் சைக்கிளில் வரும் கும்பல்தான். அதே வீட்டுப் பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பிலும் கைபேசித் திரையிலும் இன்னொரு வாள் அறிமுகமாகிறது. கையால் அடித்தது, ஆயிரம் தரம் மடித்தது, உலகிலேயே கூரானது என்ற விளம்பரத்தோடு வரும் கட்டானா.

அந்த விளம்பரத்தில் பாதி பொய். மற்றப் பாதி உண்மை, அதுவும் பொய்யைவிடச் சுவையான உண்மை. கட்டானாவின் பெருமை அதன் மூலப்பொருளில் இல்லை. குறையுள்ள மூலப்பொருளை வென்றெடுத்த வேலைமுறையில் இருக்கிறது. மூலப்பொருளை மட்டும் பார்த்தால், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கொல்லர் செய்த உருக்கு அதைவிட ஒரு படி மேல். அப்படியிருந்தும் யப்பானில் வாள் அடிக்கும் கொல்லர் இன்றும் இருக்கிறார். இங்கே உருக்கு வார்க்கத் தெரிந்த கை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யப்பானில் இரும்புத்தாதுப் பாறை அரிது. ஆற்றுப் படுகையிலும் மலைச்சரிவிலும் கிடைக்கும் கரிய இரும்பு மணலைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோ என்ற மலையூரில் தத்தாரா என்னும் களிமண் உலை இன்றும் மாரிக்காலத்தில் எரிகிறது. நீள்சதுரத் தொட்டி வடிவ உலை. ஒரு தடவை எரிக்க ஏறத்தாழ 10 தொன் இரும்பு மணலும் 12 தொன் மரக்கரியும் வேண்டும். மூன்று பகல், மூன்று இரவு இடைவிடாமல் கரியும் மணலும் மாறி மாறிப் போடுவார்கள். தலைமை உலைக்காரரை முராகே என்பார்கள். அவர் சுவாலையின் நிறத்தைப் பார்த்தும் உலைக்குள் எழும் சத்தத்தைக் கேட்டும் அடுத்த கூடை எப்போது என்று சொல்லுவார். நாலாம் நாள் உலைச் சுவரை இடித்து உள்ளே கிடக்கும் கட்டியை இழுத்தெடுப்பார்கள். இரண்டரைத் தொன் எடையுள்ள அந்தக் கட்டியில் வாளுக்கு உகந்த தரமான பகுதி ஒரு தொன்னுக்கும் குறைவு. அதற்குப் பேர் தமஹகானே.

இந்தக் கட்டி முழுதாக உருகித் திரவமானது அல்ல. பாதி உருகியும் உருகாமலும் ஒட்டித் திரண்டது. ஆகவே உள்ளே கசடு சிக்கியிருக்கும். கரிச்சத்தும் ஓரிடத்தில் அரை வீதம், இன்னோரிடத்தில் ஒன்றரை வீதம் என்று ஏறி இறங்கும். இதைச் சமப்படுத்தத்தான் மடிப்பு. துண்டுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கி, குறுக்கே வெட்டி மடித்து, மறுபடி காய்ச்சி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் கசடு பொறியாகத் தெறிக்கும். கரிச்சத்து பரவிச் சமமாகும். பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து தரம். பதினைந்து தரம் மடித்தால் படைகள் 32,768 ஆகிவிடும். விளம்பரக்காரரின் 'ஆயிரம்' பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான் போலும். உண்மையில் ஆயிரம் தரம் மடிக்க முயன்றால் கையில் இரும்பே மிஞ்சாது. காய்ச்சும் ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பு செதிலாக உரிந்துபோகும், கரிச்சத்தும் எரிந்து குறையும். எப்போது மடிப்பதை நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் கொல்லன்.

மடித்து முடித்த வன்மையான உருக்கை வெளியுறையாகவும், கரிச்சத்துக் குறைந்த மெதுவான இரும்பை உள்ளுடலாகவும் வைத்து அலகை நீட்டுவது வழக்கம். பிறகுதான் வாளுக்கு உயிர் வரும் கட்டம். களிமண், கரித்தூள், அரைத்த சாணைக்கல் கலந்த குழம்பை அலகின்மேல் பூசுவார்கள். முதுகுப்பக்கம் தடிப்பாக, விளிம்பில் மிக மெல்லிதாக. இருட்டிய பட்டறையில் அலகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். இருட்டு வேண்டியிருப்பது சூட்டை நிறத்தால் மதிப்பதற்கு. சடங்கெல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. மெல்லிய பூச்சுள்ள விளிம்பு நொடியில் குளிர்ந்து மிகக் கடினமான அமைப்பாக இறுகும். தடித்த பூச்சின் கீழ் முதுகு மெல்லக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். இறுகும் விளிம்பு பருமனில் சற்று விரிவதால் நேராக இருந்த அலகு தானே பின்பக்கம் வளையும். கட்டானாவின் அழகான வளைவில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிகழ்ந்தது. வெடித்துப் பாழாகும் அலகுகளும் இந்தக் கட்டத்தில்தான் பாழாகும். மாதக்கணக்கான உழைப்பு 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு போய்விடும்.

கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லை, தீட்டிய பிறகு விளிம்போரமாக வெண்மையான அலைக்கோடாகத் தெரியும். அதை ஹமோன் என்பார்கள். சேகரிப்பாளர்கள் ஒரு வாளை விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்து மணிக்கணக்காகப் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். மலிவான போலிகளில் இதே கோட்டை அமிலத்தால் அரித்தோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வரைந்து விடுகிறார்கள்.

இனி எங்கள் பக்கம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுதும் சுண்ணக்கல் தரை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு உதவிய அதே கல். இரும்புத்தாது இங்கே இல்லை. உலைக்கு வேண்டிய காடும் இல்லை. 1980இல் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் இரும்பு கிடைத்ததென்றால் அது வன்னியிலிருந்தோ தெற்கிலிருந்தோ கடல்கடந்தோ வந்த இரும்பாகத்தான் இருக்கவேண்டும். குடாநாட்டுக் கொல்லர் எக்காலத்திலும் வாங்கிய இரும்பை அடித்தவர்கள்.

ஆனால் அந்த இரும்பு வந்த திசைகளில் நடந்தது சாதாரணமல்ல. தமிழ்நாட்டுக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. இலங்கையின் தெற்கே சமனலவெவ மலைச்சரிவுகளில், நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில் ஆய்வு செய்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய உலைகளின் வரிசைகளைக் கண்டார். அவற்றுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேல் பருவக்காற்று மலைமுகட்டில் மோதும் இடத்தில் உலையைக் கட்டி, காற்றையே ஊதவிட்டிருக்கிறார்கள். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அதே மாதிரி உலையைத் திரும்பக் கட்டி எரித்துப் பார்த்து, கரிச்சத்து மிகுந்த உருக்கு அதில் நேரடியாகக் கிடைப்பதை அவர் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி, கலீஃபாவுக்காக எழுதிய வாள் நூலில் சரந்தீபு (இலங்கை) உருக்கைத் தனி வகையாகக் குறித்திருப்பது இந்தக் காற்றுலைகள் எரிந்த காலத்திலேதான்.

மூசை உருக்கு இன்னொரு படி. சிறிய களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகளையும் மரச்சிராய்களையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, மணிக்கணக்காக ஊதிக் காய்ச்சுவார்கள். தென்னிந்தியாவில் அந்தச் சிராய் ஆவாரை மரத்தினது. மேலே மூடிய இலை சில ஊர்களில் எருக்கிலை. ஆவாரையும் எருக்கும் எங்கள் வேலியோரத்துச் செடிகள். மரத்தின் கரிச்சத்து இரும்புக்குள் ஏற, இரும்பு உருகும் வெப்பநிலை தாழும், உள்ளே இருப்பது முழுத் திரவமாகிவிடும். கசடு தானே மேலே மிதந்துவிடும். மூசையை உடைத்தால் கைக்குள் அடங்கும் ஒரு கட்டி. கரிச்சத்து ஒன்றரை வீதம் அளவில், உள்ளும் புறமும் ஒரே சீராக. யப்பானியர் பதினைந்து மடிப்பால் தேடிய சீரை இவர்கள் ஒரு மூசைக்குள் பெற்றுவிட்டார்கள். பாரசீகக் கொல்லர் கையில் இந்தக் கட்டிதான் நீரோட்ட வரியோடுகூடிய டமாஸ்கஸ் வாளானது. மைக்கேல் ஃபரடே 1820 வாக்கில் அதன் இரகசியத்தைத் தேடி ஆராய்ந்தார். அந்த வரிகளுக்கு வனேடியம் போன்ற உலோகங்களின் மிகச் சிறிய கலப்பு காரணம் என்பது 1990களில்தான் தெளிவானது.

இலங்கையில் மூசை உருக்கு வார்த்த கடைசிக் கைகளைப் பார்த்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணப் பூர்வீகமுள்ள முத்துக்குமாரசுவாமியின் மகன். படித்தது புவிச்சரிதவியல், இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். பலாங்கொடைப் பக்கத்து ஹத்தராபாகேயில் இரும்பு உருக்குவதையும் அலுத்நுவரவில் உருக்கு வார்ப்பதையும் அவர் 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் படிப்படியாக விவரிக்கிறார். அப்போதே அது வழக்கொழிந்த தொழில். பழைய முறை தெரிந்தவர்களைக் கொண்டு செய்து காட்டச் சொல்லித்தான் பார்க்கவேண்டியிருந்தது. 1917இல் குமாரசுவாமி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனார். முப்பது வருடம் அங்கேதான். அந்த நூதனசாலையில் வில்லியம் ஸ்டேர்ஜிஸ் பிகலோ யப்பானிலிருந்து திரட்டிக் கொடுத்த வாள்கள் குவிந்து கிடந்தன. யப்பானுக்கு வெளியேயுள்ள சிறந்த சேகரங்களில் ஒன்று. அலுத்நுவர மூசையைக் கண்ட கண் அந்த அலகுகளையும் தினமும் கடந்து போயிருக்கும். அவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தால் எனக்கு இங்கே வேலையில்லை.

இரண்டு வாள் மரபுகளும் தனித்தனித் தீவுகளாக இருந்தன என்று நினைக்கவேண்டாம். கட்டானாவின் பிடியைக் கிட்டப் பார்த்தால் பட்டுநாடாப் பின்னலின் இடைவெளிகளில் வெள்ளை மணிமணியாக ஒன்று தெரியும். அதுதான் சமே. சுறாத்தோல் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது திருக்கைத் தோல். திருக்கையின் முதுகுத்தோலில் பல்லைப்போன்ற கடினமான மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். நடுமுதுகில் சில மணிகள் பெரிதாக, முத்து அளவில் இருக்கும். நல்ல பிடியில் அந்தப் பெரிய மணி கண்ணில் படும்படி தோலை வெட்டிப் பொருத்துவார்கள். ஊறவைத்த தோல் மரப்பிடியில் இறுகிக் காய்ந்து மரம் பிளக்காமல் காக்கும். மணிகளின் சொரசொரப்பால் மேலே சுற்றிய நாடா வழுக்காது. அலங்காரம்போலத் தெரிந்தாலும் பிடியின் பலமே அதில்தான்.

யப்பானியக் கடலில் பெரிய மணியுள்ள திருக்கை போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆகவே தோல் கப்பலில் போயிற்று: தென்கிழக்காசியாவிலிருந்தும் இந்து சமுத்திரக் கரைகளிலிருந்தும், சீனக் கப்பல்களிலும் ஒல்லாந்தர் கப்பல்களிலும், நாகசாகித் துறைமுகத்துக்கு. தோலின் வகைகளைத் தரம் பிரிக்கத் தனி வணிகர்களும் தனி நூல்களும் தோன்றின. வாள் அலங்காரம் பற்றி ஒசாக்காவின் இனாபா த்சூரியூ 1781இல் வெளியிட்ட 'சோகென் கிஷோ' தோல்களையும் விட்டுவைக்கவில்லை. ஒல்லாந்தர் 1641இலிருந்து நாகசாகியின் தெஷிமாத் திட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் அவர்கள் கைக்கு வந்தது. 1795இல் பிரித்தானியர் வரும்வரை ஒரே கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் தெஷிமாவும் யாழ்ப்பாணமும் இருந்தன.

பாக்கு நீரிணையில் திருக்கைக்கு என்றும் பஞ்சமில்லை. எங்களுக்கு அது ஒடியல் கூழில் விழுந்தால்தான் கூழுக்கு மரியாதை. தோலை யாரும் பொருட்படுத்துவதில்லை. வாலைத்தான் காயவைத்து வீட்டில் செருகி வைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பயம் காட்ட. ஒரே மீனின் தோல் கடல்கடந்து சாமுராயின் கைக்குள் போனதும் அதன் வால் எங்கள் முதுகுக்கு வந்ததும் வரலாற்றின் குறும்பு என்றே சொல்லவேண்டும்.

இரும்பும் போயிற்று. ஷோகன் தொகுகாவா இயேயசுவுக்கு வாள் செய்த எச்சிசென் யசுத்சுகு, தன் அலகுகள் சிலவற்றின் அடிக்காம்பில் நன்பன் இரும்பால் செய்தது என்று பொறித்திருக்கிறார். தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நிய இரும்பு என்று பொருள். ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையின் வடபகுதியிலிருந்து இரும்பும் உருக்கும் வாங்கி ஜாவாவின் பத்தாவியாவுக்கு அனுப்பியது பதிவான செய்தி. இந்த இரண்டையும் வைத்து, யசுத்சுகுவின் வாளில் இருப்பது இந்திய மூசை உருக்கே என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மிஞ்சியுள்ள நன்பன் இரும்புக் கட்டிகள் சுரைக்காய் வடிவிலும் இலை வடிவிலும் இருக்கின்றன. மூசைக்குள் உறைந்த கட்டியின் வடிவம் அதுவல்ல. சோதித்த சிலவற்றில் பொஸ்பரஸும் அதிகம். மூசை உருக்கை யப்பானிய முறையில் அதிகச் சூட்டில் காய்ச்சி அடித்தால் அது நொறுங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. இந்து சமுத்திரத்து இரும்பு யப்பானிய வாளில் ஏறியது என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

முழு வாளே போனதற்குச் சான்று கண்ணாலே பார்க்கக் கிடைக்கிறது. 1613இல் செந்தாய்ப் பிரபு தாத்தே மசமுனே, ஹசெகுரா த்சுனெநாகா என்ற சாமுராயை மெக்சிக்கோ வழியாக ஸ்பெயினுக்கும் ரோமாபுரிக்கும் தூதனுப்பினார். திரும்பும் வழியில் மணிலாவில் இரண்டு வருடம் தங்கி, 1620இல் ஊர் சேர்ந்த ஹசெகுரா தன் பிரபுவிடம் ஒப்படைத்த பொருள்களில் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று மலாய்த் தீவுகளின் கிரிஸ். மற்றது இலங்கையின் கஸ்தானே. சிங்கமுகப் பிடியோடுகூடிய சிங்களப் பிரபுக்களின் வாள். போர்த்துக்கேயக் கப்பல்கள் கொழும்பையும் மலாக்காவையும் மக்காவோவையும் கோத்த பாதையில் எங்கோ கைமாறியிருக்கிறது. அந்தத் தூதின் பொருள்கள் 2001இல் யப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன; கஸ்தானே இன்று செந்தாய் நகர நூதனசாலையில் இருக்கிறது. அது செந்தாய் சேர்ந்ததற்கு முந்திய வருடம், 1619இல், பிலிப் டி ஒலிவேரா நல்லூரைப் பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்துவைத்தான். யாழ்ப்பாண மன்னரின் ஆயுதசாலையிலிருந்து அப்படி ஒரு நாட்டின் பொக்கிஷமாக மாறிய வாள் எதுவும் இல்லை.

யப்பானிய வாள் தப்பியது தானாக நடந்ததல்ல. 1876இல் மெய்ஜி அரசு வாள் தரிப்பதைத் தடை செய்தபோது நூற்றுக்கணக்கான கொல்லர் சமையல் கத்திக்கு இறங்கினார்கள். பிறகு இராணுவம் வாளைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் இயந்திரத்தில் வெட்டிய வாளாக. யாழ்ப்பாணத்தில் மூத்தவர்களுக்குத் தெரிந்த யப்பானிய வாள் இதுதான். மலாயாவில் புகையிரதத்திலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து 1942இல் யப்பானிய ஆட்சியில் அங்கே அகப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கு. சிங்கப்பூரில் கொள்ளையர் என்று பிடித்தவர்களின் தலைகளை வெட்டிப் பொது இடத்தில் வைத்த காலம் அது. மலாயன் பென்சனோடு ஊர் திரும்பிய ஒருவரிடம் கட்டானாவின் அழகைப்பற்றிப் பேசியிருந்தால் மனுசன் எழும்பிப் போயிருப்பார். அவர் சார்பில் சொல்லக்கூடியது ஒன்று: அந்த இராணுவ வாள்களில் பெரும்பாலானவை பாரம்பரிய முறையில் செய்யப்படாதவை என்பதால் யப்பான் அரசே அவற்றைக் கலைப்பொருளாகப் பதிவதில்லை. இன்று அந்நாட்டுக்குள் கொண்டுபோனால் அழிக்கப்படும்.

1945இல் நேசப்படைகள் எல்லா வாளையும் பறித்தன. கலைமதிப்புள்ளவற்றைக் காப்பாற்ற 1948இல் ஒரு சங்கம் உருவாயிற்று. 1950களின் தொடக்கத்தில் வாள் செய்ய மறுபடி அனுமதி கிடைத்தது. 1977இல் அதே சங்கம் ஒகுஇசுமோவில் தத்தாராவை எரியவிட்டது. கொல்லராக விரும்புபவர் அனுமதி பெற்ற ஒருவரிடம் குறைந்தது ஐந்து வருடம் பயில வேண்டும். அனுமதி பெற்றபின்னும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்குமேல் செய்யக்கூடாது. எண்ணிக்கை குறைந்தால் அவசரம் குறையும், விலை நிற்கும். செதுக்குபவர், உறை செய்பவர், தீட்டுபவர் என்று தொடர்ந்து பலருக்கு வேலை. தீட்டுபவர் ஓர் அலகோடு வாரக்கணக்காக இருப்பார். கைவினையை அவர்கள் காப்பாற்றியது பக்தியாலல்ல. சட்டம், பட்டியல், கூலி என்ற மூன்றால்.

எங்கள் கரையில் நடந்ததை ஒரு காட்சியில் சொல்லலாம். தஞ்சை மராத்திய அரசு 1855இல் ஆங்கிலக் கும்பினியிடம் போனது. அரண்மனை ஆயுதசாலையில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வாள்கள் கிடந்தன. 1860களில் சிலதைச் சென்னை நூதனசாலைக்குப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளினார்கள். அதற்கு முன்பே பாளையக்காரரின் ஆயுதங்கள் பறிபோயிருந்தன. வாள் கேட்க ஆளில்லை. மலிவான சீமை உருக்கு கப்பலில் இறங்கியது. கரிக்கு மரம் வெட்டக் காட்டுச்சட்டம் விடவில்லை. உருக்கு வார்த்தவன் விவசாயக் கூலியானான். கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட பொன் கஸ்தானே நெதர்லாந்திலிருந்து 2023இல் கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பியது நல்ல காரியம். அதை அடிக்கத் தெரிந்தவரைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

கூர்மை பற்றிய அறிவு மட்டும் குடாநாட்டில் சாகவில்லை. சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியைப் பாருங்கள். தளநாரை மாட்டிப் பனையில் ஏறி, பாளையின் நுனியை இலைபோல மெல்லிதாகச் சீவவேண்டும். நசிந்தால் கள் ஊறாது. அதற்கு அகன்ற மெல்லிய அலகும் சவரக்கத்தியின் கூரும் வேண்டும். நாளில் இருமுறை தீட்டிய கத்தி அது. ஊர்க் கம்மாலையில் அடித்து, தண்ணீரில் தோய்த்து, பதம் பார்த்துக் கொடுத்த கத்தி. செய்தவன் பெயர் அதில் இருக்காது. வாள்வெட்டுச் செய்திகளில் படமாக வரும் லொறி ஸ்பிரிங் பட்டை வாள்களை அதன் பக்கத்தில் வைத்தால் எது தொழில், எது தகரம் என்று கண்ணுள்ளவனுக்குத் தெரியும்.

கட்டானா வாங்கவேண்டும் என்ற ஆசை இதையெல்லாம் வாசித்த பிறகும் ஒருவருக்கு இருந்தால், சில விஷயங்கள். இணையத்தில் 'கைவினைக் கட்டானா' என்று விற்பவற்றில் பெரும்பங்கு சீனாவின் லோங்சுவான் நகரத்துப் பட்டறைகளில் செய்தவை. அவை எல்லாம் மோசம் என்பதல்ல. நல்ல கரிச்சத்துருக்கில் களிமண் பூசித் தோய்த்தவையும் உண்டு. ஆனால் யப்பானில் செய்ததென்று சொன்னால் அந்நாட்டுக் கல்விச்சபையின் பதிவுச் சீட்டைப் பற்றியும் ஏற்றுமதி அனுமதியைப் பற்றியும் கேட்கவேண்டும். பிடியை நிறுத்துவது ஒரு மூங்கில் ஆணிதான். அதைத் தட்டினால் பிடி கழலும். உள்ளே அலகின் காம்பு அகலமாக, பிடியின் நீளத்தில் பெரும்பகுதிக்கு ஓடவேண்டும். மெல்லிய கம்பியை ஒட்டி வைத்த அலகு வீசும்போது பறந்துபோய் ஆளைக் கொல்லும். பழைய வாளின் காம்பில் படிந்த கருந்துருவை ஒருபோதும் சுரண்டக்கூடாது. வயதையும் கையெழுத்தையும் அந்தத் துருவை வைத்துத்தான் படிப்பார்கள். சுத்தம் செய்தவன் வாளின் பாதி விலையைத் துடைத்தெறிந்தவன்.

இலண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று. பிரித்தானியா 2008இல் 50 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனையைத் தடுத்தது. அதே வருடம் விலக்கும் கொடுத்தது: 1954க்கு முன் செய்தவை, அல்லது எப்போது செய்திருந்தாலும் பாரம்பரியக் கைமுறையில் செய்தவை. கைவேலை என்று நிறுவும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. இலங்கைக்குத் தருவிக்க நினைப்பவர் பணம் கட்டுமுன் சுங்கத்தில் கேட்டுக்கொள்ளட்டும். வாள்வெட்டு வழக்குகள் நடக்கும் ஊரில் அலங்கார வாள் என்று பொலிசிடம் விளக்கம் சொல்லி நிற்பது சுகமான அனுபவமாக இராது.

பயிற்சிக்காகக் கேட்பவருக்குக் கூரான வாளே தேவையில்லை. யப்பானிலேயே உறையிலிருந்து எடுக்கும் பயிற்சிக்குக் கூரில்லாத துத்தநாக-அலுமினியக் கலப்பு வாளைத்தான் பெரும்பாலானோர் பாவிக்கிறார்கள். அதற்கும் முன்னால் வருடக்கணக்காக மரவாள். அவர்கள் அதை வெள்ளை ஓக்கில் செதுக்குகிறார்கள். எங்களுக்கு வன்னிப் பாலை இருக்கிறது. நீரில் போட்டால் தாழும் பாரம், ஓக்கைவிட இறுக்கம். நல்ல தச்சரிடம் அளவைக் கொடுத்தால் ஒரு பகலில் முடித்துத் தருவார். பிசகான வீச்சில் மணிக்கட்டு நோகும். அந்த நோவைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொண்ட பிறகு வேண்டுமானால் ஒரு வாழைக்குட்டியைத் தேடலாம்.